தீவகத்தின் நீர்வீதி

யாழ்ப்பாண நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் பஸ், பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டியையும் வேலணையையும் தாண்டி, மீண்டும் ஒரு நீண்ட தாம்போதியின்மேல் கடலை இருபுறமும் விலக்கிக்கொண்டு புங்குடுதீவை அடைகிறது. பனைகளும், ஆளற்றுக் கிடக்கும் பழைய கல்வீடுகளும் பின்னோக்கி ஓட, நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில் வீதி முடிந்துவிடுகிறது. முடியும் இடத்தின் பெயர் குறிகட்டுவான். அதற்கப்பால் ஓர் இறங்குதுறை, துறைக்கப்பால் நீர்.

வீதி முடிந்துவிட்டது என்பது தரைவாசியின் பேச்சு. நெடுந்தீவு மக்களுக்கும் நயினாதீவு மக்களுக்கும் அஃது அங்கே முடிவதில்லை, வண்டிதான் மாறுகிறது. இதனை அணியலங்காரமாகக் கொள்ள வேண்டியதில்லை. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே பல்லாண்டு ஓடிய ‘குமுதினி’ என்னும் படகை நடத்தியது வீதிகளுக்குப் பொறுப்பான அரசாங்க நிறுவனமேயாகும். தாரும் கல்லும் இட்டு வீதி போடுகிறவர்களே இங்கே படகையும் ஓட்டினர். சற்று வடக்கே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள சிறிய நீர்ப்பரப்பில் மனிதரையும் சைக்கிள்களையும் ஏற்றிச்செல்லும் தட்டையான மிதவை ஒன்றுண்டு. அதற்குத் தமிழர் இட்ட பெயர் ‘பாதை’ என்பதே. கிழக்கே மட்டக்களப்பு வாவியிலும் அதே பெயர்தான். பாதையின்மேல் செல்லும் வாகனத்துக்கன்றி, வாகனத்துக்கே பாதை என்று பெயரிட்ட மக்களின் மனநிலையை நேயர்கள் ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

விடியற்காலையில் அத்துறையைக் காண வேண்டும். கிழக்கு வெளுக்குமுன்பே தீவுகளிலிருந்து முதற் படகுகள் வந்து சேர்கின்றன. வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவர், கச்சேரியில் அலுவல் உள்ளவர், பட்டணத்தில் விற்பதற்கு மீன்கூடையோடு வருபவர் ஆகியோர் இறங்குகின்றனர். அவர்கள் இறங்கிய இடத்தில், பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் ஏறுகின்றனர். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயுக் கொள்கலன், கோழிக்கூடு, புதிய கதவு நிலை, திருமண வீட்டுக்கான வாழைக்குலை ஆகிய யாவும் ஒரே தட்டில் ஏறும். மனிதர் ஏணிபோன்ற படிகளில் இறங்கிப் படகின் வயிற்றுக்குள் மரப்பலகைகளில் நெருக்கி அமர்வர். மேல்தட்டு தாழ்வானது, நிமிர்ந்தால் தலை இடிக்கும். டீசல் வாசனையும் உப்பு வாசனையும் கலந்திருக்கும். இயந்திரம் முழங்கத் தொடங்கினால் பேச்சு அடங்கிவிடும்.

ஏறுவோருள் ஒரு கூட்டத்தாரைத் துறையில் உள்ள யாவரும் அறிவர். கைப்பையும் குடையும் மதிய உணவுப் பொதியும் ஏந்திய ஆசிரியர்களே அவர்கள்.

“ரீச்சர், பின்னுக்கு வந்து இருங்கோ. முன்னுக்கு இருந்தால் நனைஞ்சு போவியள்.”

“நேற்றும் அப்பிடித்தானே அண்ணை சொன்னியள். பின்னுக்கும் நனைஞ்சதுதானே!”

நயினாதீவுக்கு அரைமணி நேரமும் வேண்டாம். நெடுந்தீவுக்கோ காற்றும் கடலும் இசைந்தால் ஒரு மணி நேரம், இசையாவிடின் கூடுதலாகும். அவ்வளவு நேரமும் கோலமிட்ட சேலையில் உப்பு நீர் தெறிக்க, மாணவரின் பயிற்சிக் கொப்பிகளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரைக் கண்டால், கல்வித் திணைக்களத்தின் இடமாற்றப் பட்டியலில் ‘கஷ்டப் பிரதேசம்’ என்று இரண்டு சொற்களில் எழுதப்படுவதன் பொருள் விளங்கும்.

இந்தக் கடல் ஆழமானதன்று. தீவுகளுக்கிடையே மணலும் சுண்ணப்பாறையும் சாதாழையும் நிறைந்த ஆழங்குறைந்த பரப்புகள் பல உண்டு. ஆழமுள்ள வழியை அறிந்தே படகைச் செலுத்த வேண்டும். நீரின் நிறமே தண்டையலுக்குப் படம். கருநீலமாயின் வழி, வெளிர்பச்சையாயின் மணல், மங்கலான கபிலமாயின் பாறை அல்லது சாதாழை. இயந்திரம் வருமுன் இவ்வழியெல்லாம் பாய்மரத்தாலும், நீரடியில் ஊன்றித் தள்ளும் நீண்ட கம்பாலும் கடக்கப்பட்டது. வள்ளம், வத்தை, மச்சுவா, தோணி என்று கலங்களின் பெயரே பலவாயின. மரத்தின் இடுக்குகளை அடைத்துச் சுறா எண்ணெய் பூசிக் கரையில் கவிழ்த்துக் காயவைக்கும் கலையைத் தந்தையிடம் மகன் கற்றான். அக்கல்விக்குப் பாடநூல் கிடையாது. தவறினால் திருத்தி எழுதச் சந்தர்ப்பமும் கிடையாது.

காற்றுக்கும் நாட்காட்டி உண்டு. வைகாசிக்குப் பின் தென்மேற்கிலிருந்து சோளகம் எழுந்து பல மாதங்கள் வீசும். அப்போது நெடுந்தீவுத் திசையில் அலை முதுகு நிமிர்த்தி வரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றுத் திரும்பி வாடையாகும். மழையும் புயலும் அதன் சுற்றத்தார். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தீவுக் குழந்தை திசைகளின் பெயரைக் கற்குமுன் காற்றுகளின் பெயரைக் கற்றுவிடுகிறது. நெடுந்தீவுக் கரையில் பருவந்தோறும் வாடியமைத்துத் தொழில்செய்த மீனவரின் வாழ்க்கையைச் செங்கை ஆழியான் நாவலாக்கியபோது அதற்கு ‘வாடைக்காற்று’ என்றே பெயரிட்டார். 1978இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

பாய்க்கலத்துக்கு நேரம் இல்லை, காற்றே நேரம். இக்குறை பெரிது. நாளை காலை எட்டு மணிக்கு வருவேன் என்று தீவில் ஒருவர் உறுதி கூற முடியாது. உறுதி கூற முடியாத இடத்தில் உத்தியோகம் நிலைக்காது, வியாபாரம் விரியாது, பாடசாலை ஒழுங்காக நடவாது. மோட்டார்ப் படகு வந்தபோது தீவுக்கு வந்தது வேகம் மட்டுமன்று, கடிகாரமும் வந்தது.

இந்நீர்வழிக்குச் சட்டம் உண்டானது மிகப் பழைய காலத்திலேயே. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் வளவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதனைப் பொறிப்பித்தவன் 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பரதேசத்தார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்பது அதன் ஓர் அம்சம். மற்றது கலங்கள் உடைந்தால் செய்ய வேண்டியது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு அரசனுக்கு, மூன்று கூறு உடையவனுக்கு; வாணிகச் சரக்குக் கலமாயின் சரிபாதி. அரசனுக்கு யானையும் குதிரையும் எத்துணை வேண்டப்பட்டன என்பதை இக்கணக்கே சொல்லிவிடுகிறது. சிங்கள மன்னன் தமிழில் எழுதுவித்தமைக்குக் காரணமும் எளிது. கடலில் வருகிறவனும் கரையில் நிற்கிறவனும் படிக்க வேண்டிய கட்டளை அது. ஊராத்துறையே பின்னர் ஊர்காவற்றுறை எனப்பட்டது. துறைமேடை என்னும் பொருளுள்ள தங்கள் சொல்லால் போர்த்துக்கேயர் அழைத்ததே ‘கயிற்ஸ்’ என நின்றது.

போர்த்துக்கேயரை 1658இல் வென்று யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஆர்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட். இவற்றுள் டெல்ப்ட் என்னும் பெயரே இன்றும் அரசாங்கக் கடிதங்களில் வழங்குகிறது. ஏனையவை பெரும்பாலும் ஏட்டில் உறங்குகின்றன.

பெயர் வைத்தவர்கள் எத்தகைய நாட்டிலிருந்து வந்தனர் என்பதை அறிந்தால் இப்பெயர்கள் வேறு விதமாக ஒலிக்கும். ஒல்லாந்து கால்வாய்களின் நாடு. ஆம்ஸ்டர்டாமுக்கும் ஆர்லெமுக்கும் இடையே நேராக வெட்டப்பட்ட ஒரு கால்வாயில் 1632 முதல் குதிரை இழுக்கும் பிரயாணப் படகுகள் ஓடலாயின. 1657இல் ஆர்லெமிலிருந்து லெய்டனுக்கும் அத்தகைய வழி திறக்கப்பட்டது. கரையில் குதிரை நடக்கும். கயிற்றின் மறுமுனையில் படகு வழுக்கிவரும். அப்படகுகளின் சிறப்பு வேகமன்று. குதிரையின் நடையே அவற்றின் வேகம். குறித்த நேரத்துக்கு அவை புறப்படும் என்பதே சிறப்பு. மணியடித்தால் படகு நகரும். பிரபு வந்தாலும் காத்திராது. வியாபாரி தன் நாளை அதைக்கொண்டு வகுத்தான்.

அக்கால்வாய் திறந்த மறு ஆண்டில் அதே நாட்டார் இங்கே வந்து ஆம்ஸ்டர்டாமையும் லெய்டனையும் ஆர்லெமையும் கடலில் இறைத்துவிட்டார்கள். தம் நாட்டில் ஆம்ஸ்டர்டாமுக்கும் லெய்டனுக்கும் நடுவே இருந்த ஆர்லெம் இங்கே அவ்விரண்டையும் விட்டுத் தெற்கே தள்ளிப்போயிற்று. பெயர்கள் வந்தன, மணியடித்துப் புறப்படும் படகு வரவில்லை. அதற்கு முந்நூறு ஆண்டளவில் காத்திருக்க வேண்டியிருந்தது.

படகும் பள்ளிக்கூடமும் சம்பந்தப்பட்ட இன்னொரு வரலாறு இங்கிலாந்தில் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரின்ட்லி முதலிய பொறியியலாளர் நிலக்கரியும் மட்பாண்டமும் ஏற்றுவதற்காக உள்நாடெங்கும் கால்வாய்களை வெட்டுவித்தனர். செலவைச் சுருக்க எண்ணி நீர்ப்பூட்டுகளை ஒடுக்கமாகக் கட்டினர். அதனால் அவற்றுள் நுழையும் படகின் அகலம் 7 அடி என்றும், நீளம் ஏறக்குறைய 70 அடி என்றும் அமைந்துவிட்டது. இரயில் வந்து சரக்கைப் பறித்துக்கொண்டபோது படகோட்டியின் வருவாய் குன்றிற்று. வீட்டு வாடகையும் கூலியாளும் மிச்சமாகட்டும் என்று அவன் மனைவி மக்களைப் படகுக்கே அழைத்துவந்தான். பின்புறத்தில் 10 அடி நீளமுள்ள ஓர் அறை. அதிலே அடுப்பு, கட்டில், பெட்டி, பிள்ளைகள் எல்லாம். இன்று இங்கே, நாளை வேறோர் ஊரிலே. எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பெயர் பதியாத பிள்ளைகள் வளர்ந்தனர்.

ஜோர்ஜ் சிமித் என்பவர் இதனைப் பொறுக்கமாட்டாதவரானார். அவரே சிறுவயதில் செங்கற்சூளையில் களிமண் சுமந்தவர். அவருடைய இடைவிடாத கிளர்ச்சியினால் 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் நிறைவேறின. குடும்பம் வாழும் படகு ஒவ்வொன்றும் ஓர் ஊரிலே பதியப்பட வேண்டும். கல்விச் சட்டத்தின் நோக்கில், பதியப்பட்ட அவ்வூரே பிள்ளையின் ஊர். மிதக்கும் வீட்டுக்கு நிலத்திலே ஒரு முகவரி கொடுத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். எனினும் முகவரி ஓரிடத்திலும் பிள்ளை வேறிடத்திலுமாக இருந்தால் ஆசிரியர் யாது செய்வார்? பயன் அரைகுறையே.

பிற்காலத்தில் அங்கே சரக்குப் படகுகள் நின்றுபோயின. எல். ரி. சி. ரோல்ட் தம் மனைவியுடன் படகிலே வாழ்ந்து பிரயாணம் செய்து எழுதிய நூல் 1944இல் வெளிவந்து, மறக்கப்பட்ட கால்வாய்களின்மீது மக்களின் மனத்தைத் திருப்பியது. 1962, 63இல் கால்வாய்கள் உறைந்த கடுங்குளிர் பழைய தொழிலின் கடைசி மூச்சைப் பெரும்பாலும் நிறுத்தியது. இப்போது அவ்வொடுங்கிய படகுகளில் உல்லாசமாகச் செல்வோரும், நிலையாகக் குடியிருப்போரும் பல்லாயிரவர். சொந்தத் துறையில்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி செல்லும் பிள்ளையுடைய படகுக் குடும்பத்துக்கு இந்த 14 நாள் இன்றும் தலைவலியாகவே இருக்கிறது.

அங்கே வீடு மிதக்கிறது; பள்ளிக்கூடம் நிலத்தில் நிற்கிறது. தீவகத்திலோ வீடும் பள்ளிக்கூடமும் அசையாமல் ஒரே மண்ணில் நிற்க, ஆசிரியர்தாம் மிதந்து வரவேண்டியிருக்கிறது. நெடுந்தீவில் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்குப் பின்னால் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் ஆயத்தமாகிவிடுவார்கள். பாடசாலை மணியடிக்க வேண்டிய நேரத்தைப் பாடசாலை மட்டும் தீர்மானிப்பதில்லை. படகு மாவலித்துறையை அடைந்து, அங்கிருந்து வாகனம் பிடித்து ஆசிரியர் வந்து சேரும் நேரம் அது. மாலையிலும் அப்படியே, கடைசிப் படகு கரும்பலகையைத் துடைத்துவிடும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தீவிலே பிறந்து தீவிலே தங்கும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அவ்வூர் அதனைப் பேறாகக் கருதுவதில் வியப்பில்லை. கடும் வாடையில் படகு நிறுத்தப்படும் நாட்களில் வருகைப் பதிவேடு பாதி வெறுமையாய்க் கிடக்கும். அவ்வெறுமையை எந்தப் பரீட்சைத் திணைக்களமும் புள்ளியிடும்போது கணக்கில் எடுப்பதில்லை.

நோயாளியின் நிலை இதனினும் கொடிது. தீவிலே வைத்தியசாலை உண்டு. சத்திரசிகிச்சை வேண்டுமாயின் கடல் கடக்க வேண்டும். பிரசவ காலம் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே பட்டணத்து உறவினர் வீட்டில் கொண்டுபோய் இருத்தும் வழக்கம் தீவுக்குடும்பங்களில் உண்டு. அச்சத்தினால் அன்று, அனுபவத்தினால்.

இந்நீர்வீதியில் இரத்தமும் சிந்தியிருக்கிறது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் காலை, மாவலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படப் பிரயாணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது தீவினரின் கணக்கு. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியம் கூறினர். ஆண்டுதோறும் அந்நாளில் மாவலித்துறையில் உறவினர் கூடி விளக்கேற்றுகின்றனர். படகு பழுதுபார்க்கப்பட்டு அதே பெயருடன் அதே வழியில் மீண்டும் பல்லாண்டு ஓடிற்று. மக்களும் அதில் ஏறினார்கள். வேறு வீதி இருந்திருந்தால் ஏறியிருக்கமாட்டார்கள்.

பின்னர் 1990இல் தீவுப்பகுதியில் மூண்ட போர் பல்லாயிரவரை இடம்பெயரச் செய்தது. புங்குடுதீவின் ஆளற்ற வீடுகள் அதன் அடையாளம். 2009இல் போர் முடிந்தபின் குறிகட்டுவானுக்குப் புதிய கூட்டம் வரத் தொடங்கியது. நாகபூஷணி அம்மனையும் நாகதீப விகாரையையும் வழிபடத் தெற்கிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பஸ்பஸ்ஸாக யாத்திரிகர் வருகின்றனர். ஆனி மாதத் திருவிழாவில் துறையே கொள்ளாது. அவர்களுள் பலர் கடற்படகில் ஏறுவது அதுவே முதன்முறை. குழந்தைகள் அலையைக் கண்டு ஆரவாரிப்பர், முதியோர் கைகூப்புவர். காண இனிய காட்சிதான். அதே வரிசையில் மருந்துச் சீட்டோடு நிற்கும் தீவுக் கிழவியை முன்னே விடும் ஏற்பாடு எல்லா நாளும் இருப்பதில்லை என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

கிழக்கிலே பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்களுக்கு இடம்விடுகின்றன. கிண்ணியாவில் 2009இலும், மண்முனையில் 2014இலும் பாலங்கள் திறக்கப்பட்டன. ஆயினும் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடக்கும் காலத்துக்கென ஓடவிட்ட மிதவை 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கவிழ்ந்து, பாடசாலை சென்ற சிறுவர்கள் மாண்டனர். பாலம் வரும்வரைதானே என்று எண்ணி இடைக்காலப் படகைப் பொருட்படுத்தாமல் விடுவதன் விலை அது. நெடுந்தீவுக்கோ இடைக்காலம் என்று ஒன்றில்லை. அகன்ற திறந்த கடலில் பாலம் கட்டுவார் எவருமிலர். படகே அதன் நிலையான வீதி. தரைவீதியில் குழி விழுந்தால் வண்டி ஆடும். இவ்வீதியில் ஓர் இயந்திரம் பழுதானால் வீதியே இல்லாமற் போகிறது. மாற்றுப் படகு ஒன்று எப்போதும் ஆயத்தமாக நிற்க வேண்டும், மிதவை அங்கிகள் தலைக்கொன்றாக இருக்க வேண்டும், ஏற்றும் ஆட்களுக்கு அளவு வேண்டும் என்று தீவினர் கேட்பது சலுகையன்று. வீதியில் குழி நிரப்பச் சொல்லும் அதே கோரிக்கைதான்.

பொதுப் பரீட்சை நாட்களில் நெடுந்தீவுப் பரீட்சை மண்டபத்தில் எழுதப்படும் விடைத்தாள்களும் இதே கடலைக் கடந்தாக வேண்டும். நேரம் முடிந்ததும் அவை எண்ணப்பட்டு, கட்டப்பட்டு, முத்திரையிடப்படும். மேற்பார்வையாளர் பொதியைக் கைவிடாமல் மாவலித்துறைக்கு வருவார். படகின் வயிற்றுக்குள் தண்ணீர் தெறிக்காத இடம் எது என்று ஓட்டியிடம் கேட்பார். இயந்திரத்தை அடுத்த பலகையை அவர் காட்டுவார். அங்கே வெக்கை அதிகம், ஆனால் நனையாது. பொதி அங்கே அமர்த்தப்படும். ஆசிரியர்கள் அதைச் சுற்றி அமர்வர். கயிறு அவிழும்.